சோற்றுக்கு ஆயுள் தண்டனை எதற்கு?

எடையைக் குறைக்க இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புகிறவர்களுக்கு நம் ஊரில் ஒரு சட்டம் காத்திருக்கிறது. மருத்துவமனை கொடுத்த தாளில் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் மாமியாருக்குத் தெரியும், ஜிம் பயிற்சியாளருக்குத் தெரியும், யூடியூபில் உணவுப் பாடம் நடத்துபவருக்குத் தெரியும், போன வருஷம் அதே ஆபரேஷனைச் செய்துகொண்ட அத்தை மகனுக்கும் தெரியும்: இனி வாழ்நாளுக்கும் சோறு கூடாது. இட்லி, தோசை, உருளைக்கிழங்கு, மரவள்ளி என மாவுச்சத்து உள்ள எதுவுமே கூடாது. “இவ்வளவு செலவு பண்ணி வயித்தை வெட்டிக்கிட்டு, திரும்பவும் சோத்தையே தின்னா எப்படி?” என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவர் பதில் சொல்லாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பதில் இருக்கிறது. சோற்றைச் சில வாரங்கள் தள்ளிவைக்கவும், பிறகு தட்டில் கடைசி இடத்தில் வைக்கவும் சொன்ன ஒரு நியாயமான மருத்துவ ஏற்பாடு, வாய்க்கு வாய் மாறி ஆயுள் தண்டனையாகிவிட்டது. அந்தத் தண்டனையால் எடை கட்டுக்குள் நிற்பதில்லை. சில நேரம் ஆளுக்கே ஆபத்து வருகிறது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சின்ன நியாயமல்ல. ‘ஸ்லீவ்’ சிகிச்சையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ‘பைபாஸ்’ என்ற இன்னொரு வகையில் இரைப்பையின் மேல்பக்கம் ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். இவ்வளவு குறுகிய இடத்தில் எது முதலில் போகிறது என்பது பெரிய கேள்வி. 2019இல் புதுப்பிக்கப்பட்ட அமெரிக்க வழிகாட்டு நெறிகள் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கின்றன. நூறு கிராம் சோற்றில் இருப்பது இரண்டரை கிராம் சொச்சம். ஒரு இட்லியில் ஏறக்குறைய இரண்டு கிராம். இட்லியிலேயே புரதத்தைத் தேடுகிறவர் நாளுக்கு முப்பது இட்லி சாப்பிட வேண்டும். ஆபரேஷனுக்கு முன்புகூட அது நடக்கிற காரியமில்லை. சோறு வயிற்றை நிறைத்துவிட்டால் முட்டைக்கும் மீனுக்கும் பருப்புக்கும் இடமில்லை. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். மூன்றாவது நான்காவது மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறதே என்று அழுகிறவர்களில் பலருக்கு எடை வேகமாக இறங்கியதோடு புரதக் குறைவும் சேர்ந்திருக்கும். ஆகவே முதல் சில வாரங்கள் சோற்றைத் தள்ளிவைக்கச் சொல்கிற டயட்டீஷியனோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

சண்டை அதற்குப் பிறகு வருகிறது. முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்து மசித்தது, அதற்கடுத்து குழைவானது என்று படிப்படியாக ஏறி, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பெரும்பாலானோர் திட உணவுக்குத் திரும்பலாம். மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு கொஞ்சம் மாறும், வரிசை மாறாது. வெட்டி ஸ்டேபிள் போட்ட இடம் ஆறுவதற்கும், புதிய வயிறு பழகுவதற்கும் எடுக்கிற அவகாசம் அது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளுக்குத் தரும் உணவுக் குறிப்புகளைப் பார்த்தால், புரதம் முதலில், காய் அடுத்து, மாவுச்சத்து கடைசியில், அதுவும் கொஞ்சமாக என்று இருக்கும். கடைசி இடம் என்றால் இடம் உண்டு என்றுதானே பொருள்? நம் ஊர் நடைமுறையில் அந்தக் கடைசி இடம் எப்படியோ காணாமல் போய்விட்டது.

தடைக்குச் சொல்லப்படும் முதல் காரணம், மாவுச்சத்து எல்லாம் சர்க்கரைதான், சாப்பிட்டதும் படபடவென்று வரும் என்பது. டம்பிங் என்று மருத்துவர்கள் சொல்லும் தொல்லை அது. பைபாஸ் செய்துகொண்ட ஒருவர் கல்யாண வீட்டில் ஒரு டம்ளர் பாயசம் குடித்தால் என்ன ஆகும்? கெட்டியான சர்க்கரைக் கரைசல் சிறுகுடலில் திடுதிப்பென்று இறங்கும். அதை நீர்க்கச் செய்ய உடம்பு இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கும். அரை மணி நேரத்துக்குள் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றுப் பிசைவு, பேதி. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வேறு மாதிரி வரும். சர்க்கரை வேகமாக ஏறியதைப் பார்த்து இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்க, இரத்தச் சர்க்கரை சரிந்து கை நடுங்கும், கண் இருட்டும்.

இது உண்மையான தொல்லை. ஆனால் இதன் முதல் குற்றவாளி கரைந்த சர்க்கரை. பருப்போடும் காயோடும் மென்று விழுங்கிய இரண்டு கரண்டிச் சோறு முதலில் சர்க்கரையாக உடைபட வேண்டும். கூடவே போகும் புரதமும் நாரும் அந்த வேகத்தை மட்டுப்படுத்தும். பாயசத்தையும் பருப்புச் சோற்றையும் ‘கார்ப்ஸ்’ என்ற ஒரே பெயரில் அடைத்ததால் வந்த வினை இது. இதில் ஒரு கூத்து என்னவென்றால், சோறு தின்றால் மயக்கம் வரும் என்று பயமுறுத்தும் குடும்பங்கள் இளநீரையும் மாதுளை ஜூஸையும் ‘தெம்புக்கு’ என்று தாராளமாக ஊற்றிக் கொடுக்கின்றன. இதே கரைந்த சர்க்கரை இன்னொரு இடத்திலும் காத்திருக்கிறது: தமிழ்நாட்டில் 2007 முதல் கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை கட்டாயம். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைப்பார்கள். பைபாஸ் செய்துகொண்ட பெண்ணுக்கு டம்பிங்கை வரவழைக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. விரல் நுனியில் குத்திச் சில நாள் சர்க்கரை பார்க்கும் மாற்று வழி உண்டு. ஆனால் சோற்றுக்குத் தடை போட்ட வீட்டில் எத்தனை பேருக்கு இதை டாக்டரிடம் சொல்லத் தோன்றும்?

இரண்டாவது காரணம் இன்னும் பிரபலம். ‘அரிசி வயிற்றுக்குள் போய் ஊதும், தையல் பிரிந்துவிடும்.’ அரிசி ஊத வேண்டிய அளவுக்குச் சட்டியிலேயே ஊதிவிட்டது. குழைய வெந்த சோறு வயிற்றுக்குள் போய் இரண்டு மடங்காகப் போவதில்லை. தொல்லை தருவது வேறு: விறைப்பாக வடித்த உலர்ந்த சோற்றை அவசரமாக அள்ளிப் போட்டு, மெல்லாமல் விழுங்குவது. பருக்கைகள் கட்டியாகச் சேர்ந்து குறுகிய வழியில் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த விஷயத்தில் சோற்றைவிட மோசமானது, அதற்குப் பதிலாகப் பரிந்துரைக்கப்படும் சப்பாத்தி. சர்க்கரை நோய் வந்தால் ராத்திரிக்குச் சப்பாத்தி என்று நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம். கோதுமை மாவின் பசைத்தன்மை காரணமாகச் சப்பாத்தி வாய்க்குள் உடையாமல் உருண்டையாகச் சுருளும். ஆபரேஷன் ஆகி இரண்டாவது மாதத்தில் உள்ள ஒருவர் அரைச் சப்பாத்தியை அவசரமாகத் தின்ற பிறகு பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? நெஞ்சின் நடுவே கல் வைத்தாற்போல் ஒரு வலி. பேச்சு நின்றுவிடும். வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும், விழுங்கவும் முடியாது. எழுந்து வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு, இறங்கியதா வந்ததா என்று தெரியாமல் நிற்பார். அந்த உருண்டை வெளியே வந்தால்தான் மூச்சு சீராகும். அந்த நேரத்தில் அடுப்படியிலிருந்து ஒரு குரல் கேட்கும்: “நல்லவேளை, சோறு சாப்பிடலை.”

மாவுச்சத்தைத் திரும்பக் கொண்டுவரும்போது முதலில் பார்க்க வேண்டியது பதம். நன்றாகப் புளித்து வெந்த இட்லி நுண்துளைகளோடு இருக்கிறது, வாயிலேயே உதிர்கிறது, சாம்பாரில் ஊறினால் இன்னும் மிருது. குழைந்த பருப்புச் சோறும் அப்படியே. பிரெட்டின் நடுப்பகுதி, பரோட்டா, மைதாவில் செய்த எதுவும் அதற்கு நேரெதிர். அரிசி கெட்டது, கோதுமை நல்லது என்ற பிரிவினைக்கு இந்த வயிற்றில் வேலையே இல்லை.

சோற்றை விரட்டிய வீட்டில் அந்த இடத்துக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். மனிதர்கள் வெறும் முட்டையும் பனீருமாகப் பல மாதம் ஓட்டுவதில்லை. பதினொரு மணிக்கு இரண்டு மேரி பிஸ்கட், டீயில் தோய்த்து. மாலையில் ஒரு கைப்பிடி மிக்சர். ‘டயட்’ என்று பெயர் போட்டிருப்பதால் ஒரு பாக்கெட் டைஜெஸ்டிவ் பிஸ்கட். இவை எல்லாமே மாவுச்சத்துதான், கூடவே சர்க்கரையும் எண்ணெயும். உலர்ந்து மொறுமொறுவென்று இருப்பதால் வாயில் பொடியாகி, சுருங்கிய வயிற்றில் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு கரண்டிச் சோறும் பருப்பும் ‘போதும்’ என்று வயிற்றைச் சொல்லவைக்கும். மிக்சருக்கு அந்த நிறுத்தம் கிடையாது. நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கலோரி, நூறு கிராம் முறுக்கிலோ மிக்சரிலோ 500 வரை போகும். நாள் முழுக்கக் கொறிக்கும் இந்தப் பழக்கம்தான் ஆபரேஷனுக்குப் பிந்தைய எடை ஏற்றத்தில் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டும் ஒன்று. ஆனால் கேட்டால், “நான் சோறே தொடறதில்லை டாக்டர்” என்பார் நோயாளி. பொய்யில்லை.

இன்னொரு மாற்று, கேழ்வரகுக் கஞ்சி. சிறுதானியம் என்பதால் அதற்கு ஒரு புனிதம் வந்துவிட்டது. கேழ்வரகு மாவிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். அதைப் பொடியாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, டம்ளரில் குடித்தால் மென்ற சோற்றைவிட வேகமாகவே குடலை அடையும். சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவுகள் 2025இல் வெளியாயின. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்பது அதில் ஒரு பகுதி. தடைக்காரர்கள் அதை மட்டும் எடுத்துக்காட்டுவார்கள். அடுத்த பகுதியையும் படிக்க வேண்டும். தீட்டிய அரிசிக்குப் பதில் முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ மாற்றிவிட்டதால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மொத்த அளவைக் குறைத்து அந்த இடத்தில் புரதத்தைக் கொண்டுவந்தால் குறைகிறது. பிரச்சினை மலையாகக் குவிந்த தட்டு. ஆபரேஷன் செய்துகொண்டவரின் தட்டில் மலைக்கு இடமே இல்லை. கத்தி அந்த வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டது.

சைவ வீடுகளில் இந்தத் தடை இன்னும் அபத்தமாகிறது. அவர்களுக்குப் புரதம் எங்கிருந்து வரும்? பால், தயிர், பனீர், அப்புறம் பருப்பும் பயறும்தானே? நூறு கிராம் வெந்த கொண்டைக்கடலையில் ஒன்பது கிராம் புரதம் இருக்கிறது. கூடவே 27 கிராம் மாவுப்பொருளும் இருக்கிறது, ஏறக்குறைய அதே எடைச் சோற்றில் உள்ள அளவு. மாவுச்சத்தே கூடாது என்பவர் நேர்மையாக இருந்தால் சுண்டலையும் தடை செய்ய வேண்டும். செய்தால் மிஞ்சுவது பவுடர் டப்பா. பணக்காரர்களுக்கு மட்டுமான சிகிச்சையும் இல்லை இது, அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் மாநிலம் இது. பாதாம் மாவில் ரொட்டி சுடச் சொல்கிற அறிவுரை எந்த வீட்டை மனதில் வைத்து எழுதப்படுகிறது என்று எனக்குப் புரிவதில்லை.

மாவுச்சத்தை அறவே நிறுத்தினால் உடம்பு சமாளிக்காதா என்றால், சமாளிக்கும். எப்படிச் சமாளிக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தேவையான குளுக்கோஸை அது புரதத்திலிருந்து செய்துகொள்ளும். அரும்பாடுபட்டு விழுங்கிய 60 கிராமில் ஒரு பங்கு தசைக்குப் போகாமல் அடுப்புக்குப் போகும். எந்தத் தசையைக் காப்பாற்றச் சோற்றை நிறுத்தினோமோ, அதையே கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். நார் குறைந்து மலச்சிக்கல் கூடும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடும் சர்க்கரை நோயாளி சிகிச்சைக்குப் பிறகு அவற்றைத் தொடர்ந்துகொண்டே மாவுச்சத்தையும் நிறுத்தினால், இரத்தச் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வர வாய்ப்புண்டு. இது உயிருக்கு உலை வைக்கும் விஷயம்.

இன்னொரு ஆபத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் ஒருவர் தொடர்ந்து வாந்தி எடுக்கிறார் என்று வையுங்கள். வீட்டில் உடனே தீர்ப்பு: “நேத்து ரெண்டு வாய் சோறு சாப்பிட்டியே, அதான்.” சோறு நிற்கும், வாந்தி நிற்காது, மருத்துவமனைக்கும் போகமாட்டார்கள். உடம்பில் தயமின், அதாவது பி1 வைட்டமின், இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு. அது தீர்ந்தால் கண்பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றினால் இன்னும் மோசமாகும். சோற்றின் மீது பழி போட்டதில் அசல் எச்சரிக்கை காதில் விழாமல் போகிறது.

தயமின் என்றதும் நூறு வருஷத்துக்கு முந்தைய மலாயா நினைவுக்கு வருகிறது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் 1907இல், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்களை அந்த நோய் வாரிக்கொண்டு போனதையும், புழுங்கலரிசி தின்ற தமிழர்களை அது பெரும்பாலும் தொடாததையும் அவர் கவனித்தார். கெட்டுப்போன அரிசியில் நஞ்சு என்று அவர் காரணம் சொன்னது தவறு. பின்னால் ஃப்ரேசர், ஸ்டான்டன் என்ற ஆய்வாளர்கள் தவிட்டைத் தீட்டி எடுப்பதில்தான் கோளாறு என்று காட்டினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஒரே தானியம், பக்குவம் மாறினால் ஒருவருக்கு நோய், இன்னொருவருக்கு இல்லை. ஆபரேஷன் ஆனவருக்குப் புழுங்கல் சோறே தயமின் மாத்திரையாகிவிடாது. மாத்திரை தனியாக, தவறாமல் வேண்டும். ஆனால் ‘அரிசி’ என்று மொத்தமாகப் பேசி முடிவெடுப்பவர்களை எதிர்த்து வாதாட இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

‘சோறு தின்றால் எடை திரும்பும்’ என்ற பூச்சாண்டிக்கு வருவோம். எடை ஓரளவு திரும்புவது இந்தச் சிகிச்சையின் இயல்பு. சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு வருடங்களில் சராசரியாக 32 சதவீதம் எடை இழந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாக நின்றது. அங்கே சோறு பிரதான உணவில்லை. உருளைக்கிழங்கு தின்றிருப்பார்கள் என்று யாராவது சொல்லலாம், தின்றிருப்பார்கள்தான். ஆனால் இழந்த எடையை மீட்கப் பசி ஹார்மோன்கள் போராடுகின்றன, சிறுத்த உடம்பு குறைவாகவே எரிக்கிறது, வயிறு வருடப் போக்கில் கொஞ்சம் இளகுகிறது, இனிப்புப் பானங்களும் மதுவும் கொறியலும் சேர்கின்றன. இத்தனையையும் ஒரு கிண்ணம் சோற்றின் தலையில் கட்டினால் நோயாளிக்குக் குற்ற உணர்ச்சிதான் மிச்சம். எடை இரண்டு கிலோ கூடியதும், “சோறு சாப்பிட்டதைக் கண்டுபிடிச்சிடுவாங்க” என்று பயந்து பரிசோதனைக்கே போகாமல் விட்டுவிடுகிறார்கள்.

எப்படித் திரும்பக் கொண்டுவருவது? சின்ன தட்டு. ஒரு அவித்த முட்டை, அல்லது ஒரு துண்டு மீன், அல்லது பனீர். பக்கத்தில் கீரைக்கூட்டு, வெண்டைக்காய்போல நாரும் குழைவும் உள்ளதாக ஒன்று. பருப்பு விட்டுக் குழையப் பிசைந்த புழுங்கல் சோறு, சாப்பாட்டுக் கரண்டியில் இரண்டு. முட்டையை முடித்த பிறகு காய், காய்க்குப் பிறகு சோறு. டீஸ்பூனால் எடுத்து, வாயில் கூழாகும் வரை மென்று, அடுத்த வாய்க்கு முன் கொஞ்சம் நிறுத்த வேண்டும். தண்ணீர் அரை மணி நேரம் கழித்து. வயிறு நிறைந்ததைப் பலருக்கு வயிறு சொல்வதில்லை. திடீரென்று ஒரு விக்கலோ, மூக்கில் நீரோ, தும்மலோ வந்து சொல்லும். வந்ததும் கரண்டியை வைத்துவிட வேண்டும், தட்டில் சோறு மிச்சமிருந்தாலும். சோற்றை வீணாக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இதுதான் கஷ்டமான பாடம். ஒரு நேரத்தில் ஒரு புதுப் பண்டம், அதுவும் பகல் வேளையில். மூன்று நாள் ஒத்துக்கொண்டால் அடுத்தது. முதல் மாதங்களில் சோறு ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும்.

உண்மையிலேயே மாவுச்சத்து ஒத்துக்கொள்ளாத ஒரு சிலர் உண்டு. பெரும்பாலும் பைபாஸ் செய்து ஒரு வருடம் தாண்டியவர்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை சரிந்து விழுகிறவர்கள். தடைக்காரர்கள் இவர்களைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். இவர்களுக்கே மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் முதல் கட்டுப்பாடு, ஒரு வேளைக்கு ஏறக்குறைய 30 கிராம் மாவுப்பொருள், அதுவும் புரதத்தோடு சேர்த்து. நூறு கிராம் சோற்றில் இருப்பது 28. அதற்கும் அடங்காவிட்டால் மாவுச்சத்து உடைபடும் வேகத்தைக் குறைக்கும் அகார்போஸ் மாத்திரை இருக்கிறது. நம் ஊர் மருந்துக் கடைகளில் பல வருடமாகக் கிடைப்பதுதான். மயக்கம் வருகிறவர் தானாகச் சோற்றை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காமல், வந்த நேரத்தையும் அதற்கு முன் சாப்பிட்டதையும் எழுதிக்கொண்டு அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் போக வேண்டும்.